பெருமூச்சுக்கு அடைமொழி வேண்டாம்

பித்தப்பை அறுவை முடிந்து மூன்றாம் நாள். கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி, முதுகுக்கு இரண்டு தலையணை கொடுத்து உட்கார வைத்திருந்த ஆச்சி, ஜன்னலைப் பார்த்தபடி ஒரு பெருமூச்சு விட்டார். பாதி ஏறிய மூச்சு, தையல் போட்ட இடம் சுரீர் என்றதும் அப்படியே அறுந்து விழுந்தது. ஸ்டூலில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த மகள் நிமிர்ந்தாள்.

"ஏம்மா, இப்ப எதுக்குப் பெருமூச்சு விடுத? எல்லாந்தான் நல்லபடியா முடிஞ்சுட்டுல்லா?"

ஆச்சி சேலைத் தலைப்பை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு வந்த மூச்செல்லாம் கழுத்தோடு நின்றுவிட்டது.

"ஆச்சி, இப்ப விட்டீங்களே, அது மாதிரி இன்னொண்ணு வேணும்" என்றேன். மகள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பெருமூச்சை வேண்டும் என்று கேட்டு வாங்குகிற ஆளை அவள் அதுவரை கண்டிருக்க மாட்டாள்.

நான் பிசியோதெரபிஸ்ட். அறுவை முடிந்தவர்களுக்கும் நெஞ்சு நோய்க்காரர்களுக்கும் திருநெல்வேலியில் 22 ஆண்டுகளாக மூச்சுப் பயிற்சி கொடுத்து வருகிறேன். ஒரு நாளைக்கு எத்தனை பெருமூச்சு காதில் விழுகிறது என்று கணக்கு வைத்ததில்லை. ஆனால் அந்த ஒலிக்கு நம் வீடுகளிலும் நம் பத்திரிகைகளிலும் கிடைக்கிற மரியாதை எனக்கு நெடுநாளாகவே உறுத்துகிறது. வீட்டில் அதை அடக்குகிறோம். பத்திரிகையில் அதற்கு ஓர் அடைமொழியை ஒட்டி அனுப்பிவிடுகிறோம். இரண்டு இடத்திலும் மூச்சு விட்டவரை யாரும் கேட்பதில்லை.

முதலில் உடம்பின் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். சும்மா இருக்கும்போது ஒரு மூச்சுக்கு அரை லிட்டர் காற்று உள்ளே போய் வருகிறது. நுரையீரலுக்குள் ஏறத்தாழ 48 கோடி சிற்றறைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் கால் மில்லிமீட்டர்கூட இராது. ஒரே அளவில் அமைதியாக மூச்சு விட்டுக்கொண்டே இருந்தால் இவற்றில் சில சுருங்கி, நனைந்த பிளாஸ்டிக் பை போல உள்ளுக்குள் ஒட்டிக்கொள்ளும். அரை லிட்டர் காற்றுக்கு அந்த ஒட்டலைப் பிரிக்கும் வலு கிடையாது. அதனால்தான் ஏறத்தாழ ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை உடம்பு, இழுத்த மூச்சின் மேலேயே இன்னொரு மூச்சை ஏற்றி, இரண்டு பங்கு காற்றை உள்ளே வாங்குகிறது. ஒட்டியவை பிரிகின்றன. மணிக்கு 12 முறை. தூங்கும்போதும் இது நடக்கும். துக்கம், சந்தோஷம் எதுவும் இதற்குத் தேவையில்லை.

இதை மருத்துவ உலகம் ஒரு பாடமாகப் படித்துத்தான் தெரிந்துகொண்டது. மயக்க மருந்து கொடுத்த நோயாளிக்கு ஒரே அளவு மூச்சைச் செயற்கையாகச் செலுத்திக்கொண்டே இருந்தால் நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்குகிறது, நடுநடுவே சில பெரிய மூச்சுகளைக் கொடுத்தால் மீண்டும் விரிகிறது என்று 1963-இல் பாஸ்டனில் பெண்டிக்சன் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் காட்டினார்கள். பிறகு வந்த வென்டிலேட்டர்களில் நடுநடுவே ஒரு பெரிய மூச்சைக் கொடுக்கும் வசதி சேர்ந்தது. ஆங்கிலத்தில் அந்த வசதிக்குப் பெயரே பெருமூச்சுதான். 2016-இல் அமெரிக்காவின் ஃபெல்ட்மன், கிராஸ்னோ ஆகிய இருவரின் ஆய்வுக் குழுக்கள் எலியின் மூளைத்தண்டில் பெருமூச்சுக்கென்றே ஏறத்தாழ 200 நரம்பணுக்கள் இருப்பதைக் கண்டுபிடித்தன. அவற்றைச் செயலிழக்கச் செய்தபோது எலி மூச்சு விட்டது, பெருமூச்சு மட்டும் விடவில்லை.

வயிற்றிலோ நெஞ்சிலோ கத்தி வைத்தவர்களுக்கு இந்த மூச்சுதான் முதலில் போகும். வலிக்குப் பயந்து மேலோட்டமாகவே மூச்சு விடுவார்கள். நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கும், சளி கட்டும், காய்ச்சல் வரும். அதைத் தடுக்கத்தான் நீலமும் வெள்ளையுமாகப் பிளாஸ்டிக்கில் மூன்று பந்து போட்ட அந்தச் சின்னக் கருவியைக் கையில் கொடுத்து அனுப்புகிறோம். உங்கள் வீட்டிலும் ஏதாவது ஓர் அலமாரி மேல் ஒன்று கிடக்கலாம். நொடிக்கு 600 மில்லி வேகத்தில் காற்றை இழுத்தால் முதல் பந்து ஏறும், 900-க்கு இரண்டாவது, 1,200-க்கு மூன்றாவது. இழுத்து, பந்தை இரண்டு மூன்று நொடி மேலேயே நிறுத்த வேண்டும். தானாக வர வேண்டிய பெருமூச்சைக் கருவி வைத்து வரவழைக்கிறோம். அதன் வேலையே அவ்வளவுதான்.

இங்கே மொழி குறுக்கே வருகிறது. ஊரில் எல்லோரும் இதைப் 'பந்து ஊதுற மிஷின்' என்கிறார்கள். வார்டில் ஆயாம்மாவும் அப்படித்தான் சொல்வார், சில நேரம் நர்ஸும் அப்படித்தான் சொல்வார். நோயாளி அந்தச் சொல்லை நம்பி ஊதுகிறார். ஊதினால் பந்து அசையாது. "கருவி கெட்டுப்போச்சு" என்று மகன் கடைக்குத் திருப்பி எடுத்துப் போகிறான். சிலர் கருவியைத் தலைகீழாகப் பிடித்து ஊதி, பந்து ஏறிவிட்டது என்று திருப்தியாக இருப்பார்கள். நான் ஒவ்வொரு கட்டிலிலும் முதலில் செய்கிற காரியம், ஊதுவது என்ற சொல்லை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "இளநீர் குடிக்க மாதிரி உறிஞ்சுங்க" என்று சொல்வது. அந்த ஒரு சொல் மாறியதும் பந்து ஏறிவிடும்.

யோசித்தால் பெருமூச்சுக்கும் இதே கதைதான். தமிழில் பெருமூச்சை 'விடுகிறோம்'. வெளியே வரும் மூச்சில்தான் ஒலி இருக்கிறது, அடுத்தவர் காதுக்கு எட்டுவதும் அதுதான். அதனால் சொல்லும் வெளியேறும் மூச்சிலேயே தங்கிவிட்டது. உடம்புக்கு வேண்டியதோ அதற்கு முந்தைய இழுப்பு. ஒலி எழுப்பாமல் உள்ளே போகிற அந்த மூச்சுக்கு நம்மிடம் தனிச் சொல் கிடையாது. கேட்டதற்குத்தான் பெயர் வைத்தோம், நடந்ததற்கு வைக்கவில்லை.

எங்கள் வீடு பாளையங்கோட்டையில். மாலை விளக்கு வைக்கிற நேரத்தில் யாரும் பெருமூச்சு விடக்கூடாது என்பது அப்பாவைப் பெற்ற ஆச்சியின் சட்டம். "ஏட்டி, பெருமூச்சு விடாத. வீடு வெளங்குமா?" ஆண்கள் விட்டால் அந்தக் கேள்வி வராது. தாத்தா சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து தெருவுக்குக் கேட்கும்படி விடுவார், "அலுப்பு" என்று சொல்லி ஒரு சொம்புத் தண்ணீர் போகும். அம்மா அடுப்படியில் விட்டால் அது குறை, பொறுமைக் கேடு, வீட்டில் ஏதோ போதாது என்று ஊருக்குச் சொல்வது. அம்மா அதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். பெருமூச்சின் முடிவில் "முருகா" என்று சேர்த்துவிடுவார். சாமி பெயர் வந்துவிட்டால் ஆச்சியால் ஒன்றும் சொல்ல முடியாது. 12 வயதில் எனக்கு இது பக்தி என்று தோன்றியது. வேலைக்கு வந்து, நூற்றுக்கணக்கான பெண்கள் மூச்சின் நுனியில் முருகனையும் மாதாவையும் அல்லாவையும் ஒட்டவைப்பதைக் கேட்ட பிறகுதான், அம்மாவுக்கு மூச்சு விடவே ஓர் அனுமதிச் சீட்டு தேவைப்பட்டது என்று புரிந்தது.

பிறர் விடும் பெருமூச்சை நாம் ஏன் உடனே குறையாகவோ துக்கமாகவோ எடுத்துக்கொள்கிறோம்? நார்வேயில் ஓஸ்லோ பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் கார்ல் ஹல்வோர் தைகன் இதைத்தான் ஆராய்ந்தார். அடுத்தவர் பெருமூச்சு விட்டால் அவர் வருத்தத்தில் இருக்கிறார் என்று மக்கள் நினைக்கிறார்கள். தாங்கள் விட்டதற்குக் காரணம் கேட்டால், சலிப்பு, 'சரி, இது நடக்காது' என்று விட்டுக்கொடுத்தது என்கிறார்கள். எளிதில் விடை வராத புதிர்களைக் கொடுத்துப் பார்த்தபோது, ஒரு முயற்சி தோற்று அடுத்த முயற்சி தொடங்கும் இடைவெளியில் பெருமூச்சு வந்தது. சிரிக்க வைத்துவிட்டுச் சிந்திக்க வைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் இக் நோபல் பரிசு 2011-இல் இந்த ஆய்வுக்குக் கிடைத்தது. எனக்கு அதில் சிரிக்க ஒன்றும் தெரியவில்லை. ஆரஞ்சு உரித்த மகளுக்கும் கட்டிலில் கிடந்த தாய்க்கும் இடையில் நடந்ததை அப்படியே சொல்கிற ஆய்வு அது.

அந்த ஆச்சியிடம் அன்று நான் கேட்டேன், "என்ன ஆச்சி நினைச்சீங்க?" கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "வீட்டுல முருங்கை காய்ச்சுக் கெடக்கும். முத்திப்போவும். யாரு பறிப்பா?" என்றார். மகள் ஆரஞ்சைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்து வீட்டு அக்காவுக்கு உடனே போன் போட்டாள். மறுமுனையில் பேச்சு முடிவதற்குள் இங்கே தலையணையை வயிற்றில் அணைத்தபடி ஆச்சி ஒரு முழு மூச்சு இழுத்தார். முதல் பந்து மேலே போய் ஒட்டியது.

நோயாளிகள் சொல்லும் சொற்களை நான் அப்படியே எழுதிவைப்பேன். 'மூச்சு வாங்குது' என்பவர் பெரும்பாலும் மாடிப்படி ஏறியதைச் சொல்வார். 'இழுக்குது', 'இரைக்குது' என்றால் ஸ்டெதஸ்கோப்பை வைத்துச் சீழ்க்கை ஒலி கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். 'மூச்சு முட்டுது' என்றால் ராத்திரி படுத்தால் முட்டுகிறதா என்று அடுத்துக் கேட்க வேண்டும், இதயத்தின் நினைப்பு வர வேண்டும். 'மூச்சு பத்தலை, ஒண்ணு இழுத்தாத்தான் நெஞ்சு நெறையுது' என்று சொல்லிச் சொல்லியே பெருமூச்சு விடுகிறவர்கள் உண்டு. சோதனைகளில் ஒன்றும் அகப்படாமல், பதற்றத்தில் தவிக்கிறவர்கள் பலர் இந்த வகை. இவர்களிடம் 'ஒண்ணுமில்ல, போங்க' என்று சொல்லி அனுப்புவதைப்போல் கொடுமை வேறில்லை. இத்தனை சொல்லையும் கேஸ் ஷீட்டில் ஒரே ஆங்கிலச் சொல்லாகச் சுருக்கிவிடுகிறோம். அதில் நோயாளி தொலைந்துபோகிறார்.

நம் முன்னோர் இதில் நம்மைவிடக் கூர்மையாகக் கேட்டிருக்கிறார்கள். மூச்சு விடுவதற்கு அவர்களுடைய வினைச்சொல் உயிர்த்தல். அந்தச் சொல்தான் கிறிஸ்தவர்களின் உயிர்த்த ஞாயிறு வரை வந்திருக்கிறது. நீளமான மூச்சு நெட்டுயிர்ப்பு. வெப்பமான மூச்சு வெய்துயிர்ப்பு. நீளத்தையும் சூட்டையும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்ட சொற்கள் இவை. 'பெருமூச்சு' என்பதும் அளவை மட்டுமே சொல்கிறது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், உள்ளத்து உணர்ச்சி உடம்பில் தெரியும் எட்டு மெய்ப்பாடுகளுக்குப் பிறகு இன்னும் 32-ஐ அடுக்குகிறது. அதில் உயிர்ப்பு உண்டு. அதற்கு முன்னால் விரைவு, பின்னால் கையாறு, அதாவது செயலற்றுப்போதல்.

முல்லைப்பாட்டைப் பாருங்கள். நப்பூதனார் எழுதிய 103 அடி. போருக்குப் போன அரசன் திரும்பவில்லை. அரண்மனையில் காத்திருக்கும் அவன் மனைவி தன்னைத் தானே தேற்றிக்கொள்கிறாள், கழன்று ஓடும் வளையலைச் சரிசெய்கிறாள், மூச்சு விடுகிறாள், அம்பு பட்ட மயில்போல நடுங்குகிறாள். அந்த மூச்சு ஏக்கமா, அச்சமா, கோபமா என்று புலவர் பெயர் சூட்டவில்லை. வளையலையும் மூச்சையும் அருகருகே வைத்துவிட்டுப் போய்விடுகிறார். கேட்கிறவருக்கு எல்லாம் தெரிந்துவிடுகிறது.

இப்போது பத்திரிகைக்கு வருகிறேன். என் வீட்டுக்கு இரண்டு நாளிதழ் வருகிறது. பேருந்து வேலைநிறுத்தம் வாபஸ் ஆனால் பயணிகள் 'நிம்மதிப் பெருமூச்சு' விடுவார்கள். மழை ஓய்ந்தாலும், சாலைப் பள்ளத்தை மூடினாலும், தேர்வில் வினாத்தாள் எளிதாக வந்தாலும் அதே மூச்சு. அதற்கு எதிர்ப்பக்கம் 'ஏக்கப் பெருமூச்சு'. அது ஏழைகளுக்கும் மணமாகாத பெண்களுக்கும் ஒதுக்கப்பட்டது. இந்த இரண்டு அச்சிலும் அடங்காத மூச்சுக்குச் செய்தியில் இடமில்லை.

நிம்மதியில் பெருமூச்சு வராது என்று நான் சொல்ல வரவில்லை. ஆபத்து நீங்கியது என்ற சைகை கிடைத்ததும் எலிகள் பெருமூச்சு விடுவது அதிகமாகிறது என்று 2005-இல் ஓர் ஆய்வு வெளியானது. ஆபரேஷன் தியேட்டர் வாசலில் டாக்டர் தலையசைத்ததும் குடும்பமே மூச்சு விடுவதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அது உண்மையான மூச்சு. அந்த வாசலில் நின்று பார்த்து எழுதுகிற நிருபர் தாராளமாக எழுதட்டும். என் கோபம், யாரையும் பார்க்காமல், யாரையும் கேட்காமல், ஊர் முழுவதின் நெஞ்சிலும் ஒரே மூச்சை ஏற்றுகிற வழக்கத்தின் மேல். 'கிராம மக்கள் நிம்மதிப் பெருமூச்சு' என்று எழுதிய கணத்தில் அந்தப் பிரச்சினை முடிந்துவிட்டது என்று ஒரு முத்திரை விழுகிறது. அதிகாரிகளும் கோப்பை மூடலாம், வாசகரும் பக்கத்தைத் திருப்பலாம்.

சில மாதங்களுக்கு முன், பாபநாசம் மலையடிவாரத்து ஊர் ஒன்றிலிருந்து ஓர் அம்மா விலா எலும்பு முறிந்து வந்திருந்தார். விலா முறிவுக்குப் பெரிய மருந்து ஆழமான மூச்சுதான். வலியில் அதுதான் வராது. அவர் கட்டிலில் நான் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தபோது, பக்கத்துக் கட்டிலுக்குத் துணைக்கு இருந்த தம்பி பேப்பரைச் சத்தமாகப் படித்தான். அவர்கள் ஊர்ப்பக்கம் வனத்துறை வைத்த கூண்டில் சிறுத்தை சிக்கிவிட்டது. கிராம மக்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டனர்.

அந்த அம்மாவும் ஒரு பெருமூச்சு விட்டார். கையால் விலாவை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி விட்ட மூச்சு. "பாத்தீங்களா, உங்களுக்கும் நிம்மதிதான்" என்றான் தம்பி.

அவர் கண்ணைத் திறக்கவில்லை. "ஒண்ணுதான சிக்கிருக்கு. எங்க ஆட்டைத் தூக்கிட்டுப் போனது ரெண்டு நின்னுது, ஒண்ணு பெருசு, ஒண்ணு குட்டி" என்றார். அவர் விழுந்ததும் அதனால்தான் என்று அப்போதுதான் சொன்னார். ராத்திரி ஒதுங்கப் போன இடத்தில் சருகுச் சத்தம் கேட்டு ஓடியதில், வாய்க்கால் கல்லில் மோதி விலா முறிந்திருக்கிறது. அதுவரை கேஸ் ஷீட்டில் 'தவறி விழுந்தார்' என்றுதான் இருந்தது. வேறு யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அன்று நான் கேட்டேன். பேப்பர்காரர் வந்து உங்களிடம் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று.

"தெரு முக்குல லைட்டு எரிஞ்சு எட்டு மாசம் ஆச்சு. அதப் போடச் சொல்லுங்கன்னு சொல்லியிருப்பேன்" என்றார். சொல்லிவிட்டு, நான் சொல்லாமலே தலையணையை எடுத்து விலாவோடு அணைத்துக்கொண்டு, குழாயை வாயில் வைத்து இழுத்தார்.